அக்காவின் ஈரக் கை

முல்லைத்தீவில் எங்கள் வீட்டில் சமைக்கிற குசினியில்தான் சேலைகளுக்குச் சாயம் போடுவேன். சாயத்தோடு கலக்கும் கோஸ்டிக் சோடா ஈரம் பட்டால் தோலையே எரிக்கும்; பார்வைக்குச் சீனியைப் போலவே வெள்ளையாக இருக்கும். அதைப் பழைய சீனிப் போத்தில் ஒன்றில் போட்டு, சீனிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். "உந்தச் சோடாவை வெளியில வையும்" என்று கணவர் எத்தனையோ தரம் சொன்னார். நான் கேட்டால்தானே!

ஒருநாள் பக்கத்து வீட்டு ஹசீனா அக்கா தன் வெளுத்த பருத்திச் சேலையைக் கொண்டுவந்தா. இரண்டு பேருமாகச் சாயம் போட்டு, அலசிக் காயவிட்டோம். பிறகு பால் விடாமல் பிளேன்ரீ ஊற்றினேன். எங்கள் பக்கம் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். கதைத்தபடி போத்திலை எடுத்து, அவாவின் கையில் ஒரு கரண்டி கொட்டினேன்.

வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன கையை அவா சட்டென்று உதறினா.

"புள்ள, கை எரியுது!"

சேலை அலசிய ஈரம் அந்தக் கையில் இன்னும் காயவில்லை. காய்ந்த கையென்றால் நேரே நாக்குக்குப் போயிருக்கும். அவாவைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

சத்தம் கேட்டுக் கணவர் ஓடிவந்தார். "என்னக்கா நடந்தது?"

"சாயப் பானை சுட்டுப்போட்டுது, தம்பி."

உண்மையை இன்றுவரை நான் அவருக்குச் சொல்லவில்லை.

கோஸ்டிக் சோடா இப்போது வெளிக் கொட்டிலில் பூட்டிக் கிடக்கிறது. தழும்பு விழுந்த அதே கையைத்தான் அக்கா சீனிக்கு நீட்டுறா. முதலில் ஒரு மணியை என் நாக்கில் வைத்துப் பார்க்காமல், அந்தக் கையில் கொட்ட எனக்குத் துணிவு வருவதில்லை.