ஆறு கிளுவைக் கம்புகள்

போன ஆனியில், சாரல் ஓய்ந்திருந்த ஒரு காலையில், தென்காசி வீட்டுக்கு மதில் கட்ட ஜேசிபி வந்தது. பழைய வேலியின் கடைசிக் கிளுவை மரத்தை வேரோடு நெம்பித் தூக்கியதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், மாங்காய்ப் பாலும் கற்பூரமும் கலந்த மாதிரி. எனக்கு உடனே ஓர் ஆட்டின் ஞாபகம் வந்தது.

ஆட்டைப் பிறகு சொல்கிறேன். எங்கள் தெருவில் அப்போது மதிலே கிடையாது. வீட்டுக்கு வீடு கிளுவை வேலிதான். அதில் கோவைக்கொடி படரும், துணி காயும், ஓணான் தலையாட்டும். கோவைப்பழத்தை உதட்டில் தேய்த்து லிப்ஸ்டிக் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்து, வாத்தியாரிடம் அடி வாங்கியதும் இந்த அடியேன்தான். புறவாசல் பக்கம் மட்டும், ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு வேலியில் ஒரு வழி இருந்தது. அது அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு கோமதி அத்தைக்குமான வழி. “மைனி, ஒரு கை புளி தாங்க” என்று அம்மா போவாள். புளி வர ஒரு மணி நேரமாகும். அம்மாவுக்கு ஊரில் வேறு சிநேகிதி கிடையாது.

அதே வழியாக அத்தை வீட்டு ஆடும் வரும் என்பதுதான் சிக்கல். அப்பா ஆசையாக வளர்த்த பிச்சிக்கொடியை அது மூன்றாவது தடவை மொட்டையடித்த அன்று சண்டை வந்துவிட்டது.

“ஆட்டக் கெட்டிப் போட மாட்டீரோ?” என்றார் அப்பா.

“வேலி ஒழுங்கா இருந்தா ஆடு எப்படிவே அங்கன வருது?” என்றார் அத்தை வீட்டு மாமா.

வந்ததே கோபம் அப்பாவுக்கு! ஆறு கிளுவைக் கம்புகளை வெட்டி, அந்த வழியை அடைத்து ஊன்றிவிட்டார். அம்மா என்னிடம் மட்டும் மெதுவாக, “விடுட்டி, நாலு நாள்ல கோவம் தீந்திரும். அப்பம் பிடுங்கிப் போட்டுக்கிடலாம்” என்றாள்.

நானோ அப்பா பிள்ளை. கம்பு ஊன்றினால் நுனி காயாமல் துளிர்க்க உச்சியில் சாணி அப்ப வேண்டும் என்பது எங்கள் தெருவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அப்பா கோபத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து, யாரும் சொல்லாமலே ஆறு கம்புக்கும் சாணித் தொப்பி வைத்தேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு.

மறுநாள் சாரல் பிடித்தது. நாள்கணக்கில் விடவில்லை. ஐந்தருவியில் வெள்ளம் என்றதும் அப்பாவும் மாமாவும் ஒரே சைக்கிளில் பார்க்கப் போனார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி! அம்மா சந்தோஷமாகப் புறவாசலுக்குப் போனாள். ஆறு கம்பும் துளிர்த்திருந்தன.

“துளுத்ததப் பிடுங்கப்படாது. பிள்ள இருக்குத வீடு” என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அப்படித்தான், துளிர்விட்டதில் கை வைக்க மாட்டார்கள்.

தெருவழியாகப் போகலாமே என்பீர்கள். போகலாம். அதற்குச் சேலை மாற்றி, தலை சீவி, எங்கே போகிறாய் என்று கேட்கிற நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கை புளிக்கு யார் இத்தனை பாடுபடுவது? தினமும் போனது வாரம் ஒருமுறையாகி, பிறகு பொங்கல், தீபாவளி என்றானது. அத்தை வீட்டை விற்றுவிட்டு, தன் மகனோடு கோயம்புத்தூர் போய், அங்கேயே இறந்தும் போனாள். தகவல் போனில்தான் வந்தது.

ஜேசிபி நின்றதும் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். “அந்தக் கம்புல சாணி வச்சது நாந்தாம்மா.”

“தெரியும்ட்டி. கையக் கழுவாம வந்துல்லா சோறு தின்ன.”

“பெறகு ஏன் துளுக்கதுக்கு முந்தியே நீ பிடுங்கல?”

அம்மா பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மைனி அந்தப் பக்கமிருந்து பிடுங்கட்டும்னு இருந்துட்டேன். அவியளும் அப்படித்தான் இருந்திருப்பாவ.”

கொத்தனார் நூலோடு வந்தார். அம்மா அவரிடம், “இங்கன ஒரு வாசல் விடலாமாய்யா?” என்று கேட்டாள்.

“அந்தப் பக்கம் லாட்ஜுல்லா, ஆச்சி! வாசல் எதுக்கு?” என்று அவர் சிரித்தார்.

மதில் எழும்பிவிட்டது. குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களின் ஈரத்துண்டுகள் அதன்மேல் தொங்குகின்றன. தெருவில் ஒரு கிளுவை கிடையாது. மதிலில் எந்த இடம் அந்த வழி என்று தெரிந்தவர்கள், இப்போது அம்மாவும் நானும் மட்டும்தான்.