கருவாட்டுத் தண்ணீர் குடித்த பூசணிக்கொடி

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் ஒரு பூசணிக்கொடி வைத்திருந்தேன். மழை பொய்த்த வருஷம் அது. மத்தியான வெயிலில் இலைகளெல்லாம் துவண்டு தொங்கும். பொழுது சாய்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். அதனால் நான் பதறுவதில்லை.

ஒருநாள் விடியற்காலையிலேயே இலைகள் தொங்கிக் கிடந்தன. ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன், ஈரமாகத்தான் இருந்தது. முகர்ந்தால் மீன் நாற்றம்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன்.

"நான்தாம்மா ஊத்துனேன். மத்தியானம் பாத்தா வாடிப்போய்க் கீது. கருவாடு அலசுன தண்ணிய எதுக்கு வீணா கொட்டணும்னு தெனமும் ஊத்திக்கினு இருந்தேன்."

உப்பேறிய மண்ணில் எவ்வளவு ஈரமிருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது கொடி.

"புடுங்கிப் போட்டுட்டு வேற வையேன்," என்றாள் அக்கா.

எனக்குக் கோபம்தான் வந்தது. வேரைச் சுற்றி மேல்மண்ணை வழித்து எறிந்தேன். தெருக்குழாயில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரில் என் குளியலுக்கு வைத்ததை, உப்பு இறங்கட்டும் என்று தினமும் அதற்கே ஊற்றினேன். குளிக்காத என்னைப் பார்த்துக் கணவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கருகிய இலைகள் உதிர்ந்தன. ஒரு விடியற்காலையில், நுனியிலிருந்த இளம் இலை மட்டும் விறைப்பாக நின்றது.

அன்றைக்கு அக்கா தான் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரில் ஒரு குடம் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் குடத்தைச் சாய்ப்பதற்குள் உள்ளே விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். பிறகுதான் ஊற்றவிட்டேன்.