அகாரியே தாத்தாவின் மூன்று குத்துகள்

கராத்தே பிறந்த நாஹா நகரத்தில் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு கராத்தே கூடம் இருக்கும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, நாற்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு குத்தைக்கூடத் தடுக்கத் தெரியாமல் இருந்தவள் செட்சுகோ. பள்ளிக்கூடத்தில் கராத்தே வகுப்பு வந்தாலே வயிற்றுவலி என்று சொல்லி மர நிழலில் உட்கார்ந்துவிடுவாளாம். யாராவது கை ஓங்கினால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த தற்காப்பு.

துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடுத்திவிடுவது என்று பதினாறு வருடம் ஓடிவிட்டது. அங்கே அவள் எந்தக் கிழவருக்கும் பயந்ததில்லை, அகாரியே தாத்தாவைத் தவிர. எண்பத்தாறு வயது. நினைவு தப்பிவிட்டது. பேச்சு நின்று இரண்டு வருடம். காலையில் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, சட்டை மாட்ட எதிரே போய் நின்றால் போதும், குத்துவார். முதல் குத்து தாடைக்கு, அடுத்தது நெஞ்சுக்கு, மூன்றாவது வயிற்றுக்கு. வயிற்றுக் குத்தோடு எதிரே நிற்பவர் ஓடிப்போய்விடுவார். மூன்று பணிப்பெண்கள் அந்த அறைக்கே போகமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"மாசக் கடைசியில நானே வந்து பார்ப்பேன்" என்றார் மேலாளர் சினென். "அன்னைக்கும் கை நீட்டுனார்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். என்னைத் திட்டாதீங்க செட்சுகோ."

அந்த ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களின் கையைத் துணியால் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். இங்கிருந்து அப்படிப் போன இருவரையும் செட்சுகோ அதற்கப்புறம் சாவு வீட்டில்தான் பார்த்தாள். தாத்தாவின் மனைவி ஃபுமி தினமும் மதியம் பாகற்காய்ப் பொரியலோடு நடந்தே வருபவள். அங்கே போக மூன்று பேருந்து மாற வேண்டும். எண்பத்திரண்டு வயதில் அது நடக்கிற காரியமா?

அன்று சாயங்காலமே செட்சுகோ பக்கத்துத் தெருக் கூடத்துக்குப் போனாள். அங்கே சொல்லிக்கொடுப்பவள் நாவோ. முப்பது வயசுக்காரி, காலையில் தோஃபு விற்பாள்.

"தடுக்க மட்டும் சொல்லிக் குடும்மா. அடிக்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம்."

"இங்க வர்ற எல்லாருக்கும் முதல்ல அதுதான்க்கா. ஆனா கண்ணைத் திறந்து வைக்கணும். தடுக்கச் சொல்லிக் குடுக்க நான் காசு வாங்கறதில்ல."

தாடைக்கு வருவதை முன்கையால் மேலே தூக்கிவிட வேண்டும். நெஞ்சுக்கு வருவதை உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். வயிற்றுக்கு வருவதைக் கீழே பெருக்கித் தள்ள வேண்டும். சொல்லக் கேட்டால் சுலபம். முதல் வாரம் முழுக்க நாவோவின் முஷ்டி மூக்குக்கு ஒரு விரல் முன்னால் வந்து நின்றுகொண்டே இருந்தது, இவள் கண்ணும் மூடிக்கொண்டே இருந்தது. முன்கை இரண்டும் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன.

இரண்டாவது வாரம் தாடை தப்பியது. மூன்றாவது வாரம் நெஞ்சு தப்பியது. மாசக் கடைசிக்கு முதல் நாள் காலையில் தாத்தாவின் மூன்று குத்துகளையும் தடுத்துவிட்டாள். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள், அவர் வலது முஷ்டியை இடுப்புக்கு இழுத்துக்கொண்டு இடது கையால் ஆரம்பித்தார். தாடை, நெஞ்சு, வயிறு. அதையும் எப்படியோ தடுத்தாள். அவர் இரண்டு கையையும் தொடையில் வைத்து, தலை குனிந்து வணங்கினார். அப்புறம் முன்கையை உயர்த்திப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செட்சுகோவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் யாரையும் அடிக்கவே இல்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு காலையும், என்றோ கூடத்தில் பழகிய ஜோடிப் பயிற்சிக்கு, ஒருவர் குத்த மற்றவர் தடுப்பதற்கு, கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது குத்திலேயே ஜோடி ஓடிவிட, மறுநாள் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். கராத்தே பிறந்த ஊரில், இத்தனை பேர் நடமாடுகிற கட்டிடத்தில், ஒருவருக்கும் அது புரியவில்லை.

"உக்காந்துகிட்டே செய்றாரா? அதான் யாருக்கும் தெரியல" என்றாள் நாவோ, அன்று சாயங்காலம் கூடத்தில். "நாங்கல்லாம் கால் நிக்கிற விதத்தைப் பார்த்துத்தான் பயிற்சியைக் கண்டுபிடிப்போம். சரி, அவர் முறை முடிஞ்சுது. இனி நீங்க குத்தணும், அவர் தடுப்பாரு."

"எண்பத்தாறு வயசுக் கிழவரைக் குத்தறதா? வேலை போயிரும்டி."

"பொய்க்குத்து குத்துனீங்கன்னா அவருக்கு அவமானம்க்கா. பாதியில நிறுத்துனா நாளைக்கு மறுபடியும் முதல்லேருந்துதான்."

மறுநாள் சினென் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் படிவத்தோடு வந்து வாசற்பக்கம் நின்றார். ஆறு குத்துகளையும் செட்சுகோ கண் திறந்தே தடுத்தாள். தாத்தா வணங்கினார். அவளும் வணங்கினாள். அவர் முன்கையை உயர்த்திக் காத்திருந்தார். இத்தோடு நிறுத்தியிருந்தால் சினெனும் ‘போனால் போகிறது’ என்று விட்டிருப்பார். ஆனால் அந்தக் கிழவர் காத்திருந்த விதம் அவளை விடவில்லை. முழு பலத்தையும் சேர்த்து அவர் தாடையை நோக்கிக் குத்தினாள்.

"செட்சுகோ, என்ன பண்றீங்க?" என்று சினென் பாய்ந்தார்.

என்ன நடந்தது என்று அவளாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. மெலிந்த முன்கை ஒன்று கீழிருந்து எழுந்தது. வலியில்லை, சத்தமில்லை. அவளுடைய பலம் முழுவதும் தலைக்கு மேலே எங்கேயோ போய்விட்டது. ஸ்பூன் பிடிக்க நடுங்குகிற கை அது. இப்போது அதில் ஒரு நடுக்கமும் இல்லை. அவள் தடுமாறிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தாள்.

"இன்னும் பலமா" என்றார் அகாரியே தாத்தா.

சினென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். "இதை நான் எந்தப் படிவத்துல எழுதறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கையிலிருந்ததை நாலாக மடித்துப் பைக்குள் செருகினார். "நீங்க நடத்துங்க. இவர் இங்கயே இருக்கட்டும்."

மதியம் ஃபுமி வந்ததும் செட்சுகோ ஒன்று விடாமல் சொன்னாள்.

"பேசினாரா?" என்றாள் ஃபுமி.

"பேசினாரும்மா. ‘இன்னும் பலமா’ன்னு சொன்னாரு."

ஃபுமி பொரியல் டப்பாவை மேஜையில் வைத்தாள். கணவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டாள்.

"எனக்கும் சொல்லிக் குடு" என்றாள். "முதல் குத்து எங்கேருந்து வரும்?"