விருது மேடையில் சடையங்குப்பம்

என் மனைவி சீரியலில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். விம்கோ நகரில் வாடகை வீடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கேபிள் வந்துவிட்டிருந்தது. மத்தியானச் சீரியல் ஒன்றில் அவள் மீன் விற்கும் பெண்ணாக வருவாள். பேச ஆரம்பித்தால் யாரும் நிறுத்த முடியாத பெண். அவளுக்கு அதில் நடிப்பே இல்லை, வீட்டிலும் அப்படித்தான் என்று மார்க்கெட்டில் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் நடிப்பு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வீதி நாடகக் குழு ஒன்றில் ஊர் ஊராகப் போய் நடித்தவள். அங்கே பார்த்துத்தான் சீரியலுக்குக் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் டீ குடிக்கும்போது மார்க்கெட்டில் பெரிய வாக்குவாதம். முந்தின இரவு டிவியில் வந்த விருது விழாவில் ஒரு பெரிய நடிகர் விருதைக் கையில் வைத்துக்கொண்டு விலைவாசியைப் பற்றிப் பேசியிருந்தார். பாதிப் பேர் தலைவர் பேசினது சரி என்றார்கள். நான் எதிர்க்கட்சி. நடித்தோமா, விருது வாங்கினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கவேண்டும் என்றேன். ஏசி காரில் போகிறவருக்கு அரிசி விலை எப்படித் தெரியும்? நாளைக்கே வேறு கட்சி வந்தால் வேறு மாதிரி பேசுவார். நாமும் கைதட்டிவிட்டு மறந்துபோவோம்.

சாயங்காலம் சாப்பிடும்போது இதை அவளிடம் சொன்னேன். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அரிசி விலை தெரிஞ்சவ பேசலாமாயா?"

பேசலாம், ஆனால் அவளை யார் மேடையில் ஏற்றப்போகிறார்கள் என்றேன். அவள் இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

அடுத்த வருடம் அந்தச் சேனலே சின்னத்திரைக் கலைஞர்களுக்கு விருது விழா வைத்தது. நகைச்சுவைப் பாத்திரத்துக்கான விருது அவளுக்கு. சேனலிலிருந்து போனில் சொன்னபோது அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாளாம். மார்க்கெட்டுக்கே வந்து கிரேனுக்குக் கீழே நின்று கையாட்டினாள். நான் இரும்புத் தகட்டுக் காயிலை லாரியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கீழே வந்தேன். அதற்குள் அவளைச் சுற்றி லோடுமேன்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலாளி எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

விழாவுக்கு நானும் போனேன். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை இறுக்கமாகிவிட்டதால் தங்கசாலையில் புதுசு வாங்கினோம். அரங்கத்துக்குள் குளிர் தாங்கவில்லை. முன்வரிசையில் அரசியல் பிரமுகர் ஒருவர், பக்கத்தில் இரண்டு தயாரிப்பாளர்கள். நிகழ்ச்சி ஏற்பாட்டைக் கவனிக்கிற பையன் ஒருவன் வந்து, விருது வாங்குகிறவர்கள் நன்றி மட்டும் சொன்னால் போதும், நிறைய பேர் இருக்கிறார்கள் என்றான். பிறகு இவளிடம் குனிந்து, முடிந்தால் கொஞ்சம் நல்ல தமிழில் பேசுங்கள் அக்கா என்றான். அவள் தலையாட்டினாள்.

அப்போது மழைக்காலம். சடையங்குப்பம் அவள் பிறந்த ஊர். மணலிக்குப் பக்கத்தில், தாழ்வான இடம். ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அந்த வாரமும் வந்திருந்தது. அவளுடைய அம்மாவும் தம்பி குடும்பமும் பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தார்கள். அன்று காலையில் அவர்களுக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் அவள் பட்டுப்புடவை கட்டினாள். எனக்கு அது தெரியும். மேடையில் என்ன பேசப்போகிறாள் என்பது மட்டும் தெரியாது.

அவள் பெயரைச் சொன்னதும் திரையில் அவளுடைய சீன்களைப் போட்டார்கள். அரங்கமே சிரித்தது. விருதை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. எனக்கு வாய்ப்புக் குடுத்தவங்களுக்கு நன்றி. நான் சடையங்குப்பத்துப் பொண்ணு. சீரியல்ல வெள்ளத்துல நிக்கிற சீன் ஒண்ணு எடுத்தாங்க. லாரில தண்ணி கொண்ணாந்து ஊத்துனாங்க. சீன் முடிஞ்சதும் தொடச்சிக்கத் துண்டு குடுத்தாங்க, சூடா காபி குடுத்தாங்க. எங்க ஊர்ல இப்ப நெஜமாவே தண்ணி நிக்கிது. எங்கம்மா பள்ளிக்கூடத்து மாடில கீது. ஓட்டுக் கேக்க எல்லாக் கட்சியும் எங்க வூட்டுக்கு வர்றாங்க. தண்ணி வரச்சொல்லோ ஒருத்தரும் வர்றதில்ல. அந்தக் கால்வாயக் கொஞ்சம் வெட்டி வுடுங்க. இத்த இங்க சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னா டிவில காட்டுற எடம் எனக்கு இது ஒண்ணுதாங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சின் நடுவில் எங்கோ நிறுத்திவிட்டிருந்தார்கள். பின்வரிசைகளில் லைட்டுக்காரர்களும் மேக்கப்காரர்களும் உட்கார்ந்திருந்த பக்கம் முதலில் கைதட்டல் கேட்டது. பிறகு நடுவிலும் தட்டினார்கள். முன்வரிசைப் பிரமுகர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொகுப்பாளர் ஓடிவந்து ஏதோ ஜோக் சொல்ல, மியூசிக்கைப் போட்டுவிட்டார்கள். நான் கைதட்டினேனா என்று இப்போது நினைவில்லை. எழுந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் உட்காருங்க சார் என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்.

வரும் வழியில் ஆட்டோவில் அவள் பயந்துபோய்த்தான் இருந்தாள். வேலை போய்விடுமா என்றாள். போனால் போகட்டும் என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர எனக்கும் பயம்தான்.

விழாவை இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பினார்கள். தெருவே எங்கள் வீட்டில். இடம் போதாமல் டிவியைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தோம். சடையங்குப்பத்திலிருந்து மாமியாரும் மச்சானும் அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். தண்ணீர் வடிந்து அப்போதுதான் வீட்டைக் கழுவி முடித்திருந்தார்கள். அவள் மேடை ஏறினதும் விசில். வணக்கம் சொன்னாள், நன்றி சொன்னாள், அடுத்த நொடி அவள் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். மொத்தத்தையும் வெட்டியிருந்தார்கள்.

மாமியார் மகளைப் பார்த்து, நம்ம ஊரப் பத்திப் பேசினேன்னியே என்று கேட்டார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். பத்துப் பேருக்கு முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாதவன். ஆனாலும் எழுந்து நின்று அவள் பேசினதைச் சொன்னேன். துண்டு, காபி, ஓட்டு, கால்வாய், ஒன்றையும் விடவில்லை. முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சொன்னேன். முடித்தபோது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மெய்யாலுமே அந்தாளு முன்னாடியே சொல்லிச்சா, மாமா?"

"மெய்யாலுமேதான்."

அவன் உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் சிரிப்பது கேட்டது.

சீரியலில் அந்த மீன்காரி சில வாரத்தில் மகன் வீட்டுக்கு மும்பைக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. யாரும் இவளிடம் வேலையை விட்டு எடுத்ததாகச் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. பல மாதம் வீட்டில்தான் இருந்தாள். அதன்பிறகு டப்பிங் பேசப் போனாள். இன்னொரு சேனலில் சின்னச் சின்ன வேடங்கள் வந்தன. அந்தப் பேச்சுக்காக அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. பெரிய நடிகர்கள் மேடையில் அரசியல் பேசுவதைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம்தான். அவரவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் காதைக் கொடுக்கிறேன்.

அந்த விழாவுக்கு அடுத்த கோடை முடியும் முன்பு சடையங்குப்பத்துக்காரர்கள் கால்வாய்க்காக மனு கொடுக்கப் போனார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அதிகாரி அறைக்குள் முதலில் இரண்டு பேரைத்தான் விட்டார்கள், அதில் ஒருத்தி அவள். அந்த வருடம் கால்வாயைப் பாதி தூரம் தூர்வாரினார்கள். மீதி பாதிக்கு இன்னும் பல மனுக்கள் போகவேண்டியிருந்தது. அன்று வாசலில் நின்றிருந்தபோது உள்ளேயிருந்து அவள் குரல் நன்றாகக் கேட்டது. காவலுக்கு நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, யாருங்க அந்தம்மா இந்தப் பேச்சுப் பேசுது என்று என்னைக் கேட்டார்.

"என் வூட்டுக்காரிங்க" என்றேன்.