கட்டிங் மாஸ்டரின் வலது கை

தையற்கடையில் எல்லோரும் அவரைக் கட்டிங் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நாள் முழுக்கக் கனமான கத்திரியைப் பிடிப்பவருக்குக் கை மரத்துப்போவது புதிதல்ல. உதறிவிட்டு வேலையைத் தொடர்வார். அந்த மேசையில் வேலை பழகிய யாரும் அப்படித்தான்.

அந்த வாரம் இருமுறை மரத்தபோதும் உதறினார். ஆனால் இம்முறைகளில் கையோடு உதட்டின் ஓரமும் மரத்தது. சில நிமிடங்களில் சரியாகிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கத்திரி நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன மாஸ்டர், கத்திரி லீவு கேக்குதா?" என்றார் மெஷினில் இருந்த தையல்காரர்.

மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. மூலையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ, வாய் கோணுதுண்ணே! வண்டி கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள்: மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. மருந்து ஏற்றிக் கரைத்தார்கள். அவர் மறுபடி துணி வெட்டுவாரா என்பதை மட்டுமே மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பயந்த அளவுக்குச் சேதம் இல்ல," என்றார் டாக்டரம்மா. "முன்னாடி மரத்தது கத்திரியால இல்ல. மூளைக்கு ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டிருக்கு. அப்போ மூளை செல்கள் ஒன்னுக்கொன்னு ரசாயனத்தால சேதி சொல்லும். சேதி கிடைச்ச செல்கள் தங்களைக் காப்பாத்திக்கற புரதங்களைச் செஞ்சு வெச்சுக்கும். அதனால பெரிய அடைப்பைக் கொஞ்சம் தாங்கியிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

"அப்போ மரத்தது நல்லதுக்குத்தானா?"

"இல்லம்மா. பலருக்கு அடுத்த அடைப்பே ஆளை முடிச்சிடும். முதல் தடவையே ஓடி வந்திருக்கணும்."

டாக்டரம்மா போனதும் மனைவி கட்டில் பக்கம் திரும்பினாள். "செல்லுங்ககூட ஒன்னுக்கொன்னு சொல்லிக்குது. உங்களுக்குக் கட்டினவகிட்ட சொல்ல வாய் வரல."

அவர் சுவரைப் பார்த்தார். அவருக்குள் கோபமோ வருத்தமோ எழவில்லை; மனமும் மரத்திருந்தது.

பேச்சு வந்தது. கையும் மெல்லத் திரும்பியது; சட்டைப் பட்டனைத் தானே போட்டார். கடைக்குத் திரும்பிய அன்று மேசையில் வெல்வெட் துணி இருந்தது. அதன் மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று தடவிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் நிறம் பிசகிக் காட்டும். தடவினார். விரல்கள் நகர்ந்தன. அடியில் துணி இருப்பதே தெரியவில்லை. மறுபடி தடவினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

மனைவி எழுந்து வந்து உள்ளங்கையால் துணியை நீவினாள். "இப்படித்தாங்க படியுது. இந்தப் பக்கமாப் போடுங்க."

அவள் கை போன திசையில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினார். கோடு பிசகவில்லை.

"அதே கைதான் மாஸ்டர்!" என்றார் தையல்காரர்.

அவர் வெட்டிய துண்டுகளை அடுக்கிவிட்டு, அடுத்த துணியை மனைவியின் பக்கம் தள்ளினார்.