நாற்றங்கால் வேலைக்கு ஒரு மனு

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்குப் பழம் பறிக்கும் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மழைநாளில், மூட்டையோடு சரிவில் விழுந்தேன். வலது முட்டி மடங்காமல் போனது. வீட்டுக்காரர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். இருந்த லைன் வீடு எஸ்டேட்டுடையது. வேலை இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை.

காப்பி நாற்றங்காலில் நாற்று வைக்கும் பைகளில் மண் நிரப்பும் வேலை உண்டு. உட்கார்ந்தே செய்யலாம். அதைக் கேட்கலாம் என்று நினைத்தேன். மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டு அருகே இங்கிலீஷில் மனு எழுதுபவரிடம் போனேன். மனு என்றால் அழுதுதான் எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நானும் நன்றாக அழுது எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் அதைக் கொடுத்தேன். படித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, எந்த வேலையும் செய்ய முடியாதுன்னுல்ல இதுல இருக்குது. மேனேஜர் பாத்தா ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடுவாரு."

கீழே வளைவில் மேனேஜரின் ஜீப் சத்தம் கேட்டது.

ரைட்டர் வேறு தாள் எடுத்தார். 'அனேபிள் டு ஒர்க்' என்றால் பேச்சு அதோடு முடிந்தது, எது முடியும் எது முடியாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்றார். முன்பு சரிவில் ஏறிப் பறிக்க முடிந்ததற்கு 'ஐ குட்'. இப்போது ஏற முடியாததற்கு 'அனேபிள் டு கிளைம்ப்'. உட்கார்ந்து மண் நிரப்ப முடியும் என்பதற்கு 'ஐ கேன்'. சொல்லிக்கொண்டே எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது.

"பை நெரப்புவீங்கள்ல? எழுதிப்போட்டா செஞ்சாகோணும்."

"எழுதுங்க."

அதுவரை ஒரு பைகூட நிரப்பியதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. கைநாட்டு வைத்தேன். மை காயும் முன் மேனேஜர் உள்ளே வந்துவிட்டார்.

நின்றபடியே படித்தார். என் காலைப் பார்த்தார். ஏதோ கேட்டார். இப்போதே செய்து காட்ட முடியுமா என்று கேட்பதாக ரைட்டர் சொன்னார். தலையாட்டினேன்.

நாற்றங்காலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். முதல் பை சாய்ந்தது. இரண்டாவதும் சாய்ந்தது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நிரப்பிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்கவில்லை. தன் பையின் அடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் மண் போட்டு மறுபடி தட்டினாள். நானும் தட்டினேன். மூன்றாவது நின்றது. நாலாவதும் நின்றது.

மேனேஜர் தாளில் கையெழுத்துப் போட்டு ரைட்டரிடம் கொடுத்தார். நான் ஐந்தாவது பையை எடுத்தேன்.