ஜோதிலட்சுமி மெட்டு ஏறிய நாள்

தேவதானப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் ஜோதிலட்சுமி. இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அவளுக்குக் கால் தூசு. பஸ்ஸில் மட்டும் அவளை ஏறச் சொல்லக் கூடாது. ஏறிய பத்தாம் நிமிஷம் வயிறு புரளும். கைப்பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் அவள் வாசல்படி தாண்டியதில்லை. சமவெளியிலேயே இந்த லட்சணம் என்றால் மலைப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை மலை ஏறப் பார்த்தாள். பிறந்த ஊரான உத்தமபாளையத்தில் அடுத்த தெருக்காரி, ஒன்றாய்ப் படித்தவள் கைருன்னிசா. அவளுக்குக் குமுளியில் கல்யாணம். கூட்டாளிகளோடு கிளம்பிய ஜோதி, மாதா கோயில் வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியவள்தான். தலை சுற்றலில் அங்கேயே உட்கார்ந்துவிட்டு, கீழே போன வண்டியில் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு கைருன்னிசா வீட்டில் பால் காய்ச்சினார்கள், பிள்ளை பிறந்தான், சுன்னத்து வைத்தார்கள். எதற்கும் ஜோதி போகவில்லை. கைருன்னிசாதான் ஒவ்வொரு தடவையும் தூக்குவாளியில் பிரியாணியோடு மலை இறங்கி வருவாள்.

போன ஆவணியில் கைருன்னிசா போன் பண்ணினாள். மகன் சேக் பரீதுக்குக் கார்த்திகைக் கடைசியில் நிக்காஹ்.

"அத்தாவும் போயிட்டாக, அம்மாவும் போயிட்டாக. கூடப் பொறந்ததும் இல்ல. மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் பொறந்த வீட்டுல இருந்து ஒரு தட்டாச்சும் வரணும்ல, ஜோதி? நாத்தனாமாரு இப்பவே கேக்குறாக. நீ கஷ்டப்பட்டு வர வேணாம். சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னாளாம்! ஜோதிக்குத் தெரியாதா? அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பெரியகுளம் போகிற மினி பஸ்ஸில் முன்சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி டிரைவரிடம் கேட்டாள்: "ஏந்தம்பி, நாள் பூரா சுத்துறியே, உனக்குக் கொமட்டாதா?"

"ஸ்டீயரிங் பிடிச்சவனுக்கு ஏதுக்கா வாந்தி?" என்று சிரித்தான் அவன்.

அவன் விளையாட்டாய்ச் சொன்னதை இவள் வேதவாக்காய்ப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நாற்பத்தெட்டு வயதில் எட்டுப் போட்டாள். முதல் தடவை தவறினாள், அடுத்த தடவை லைசென்ஸ் வாங்கினாள். வீட்டில், மாந்தோப்புக்குப் போய்வர வாங்கின பழைய மாருதி கார் ஒன்று நின்றது. "பஸ்ஸுல உக்கார முடியாதவ பஸ்ஸுக்கு எதுத்தாப்புல ஓட்டப் போறாளாக்கும்" என்றார் கணவர் சுரேஷ்கண்ணன். சாவியை என்னவோ கொடுத்துவிட்டார். கூட வரச் சொன்னதற்கு மட்டும், மாட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று நழுவினார். மனுஷருக்கு உயிர் மேல் ஆசை.

நிக்காஹ் பதினொன்றரைக்கு. விடியக் கிளம்பி, உத்தமபாளையத்தில் மகாலட்சுமியையும் பாண்டீஸ்வரியையும் ஏற்றிக்கொண்டாள். பழைய கூட்டாளிகள். மகாலட்சுமிக்கு வாய் நீளம். "ஏண்டி, பிளாஸ்டிக் பை எடுத்தியா? ஓட்டுறப்ப எந்தப் பக்கம் எடுப்ப?" என்று கேலி பண்ணிக்கொண்டே ஏறினாள். பின்சீட்டில் மூன்று சீர்த்தட்டுகள். ஒன்றில் பன்னீர் திராட்சை, ஒன்றில் கல்கண்டும் பேரீச்சையும், ஒன்றில் பட்டுச்சேலையும் மல்லிகையும். தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும்.

கம்பத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். "குமுளி ரோட்டுல ஏற விடலம்மா. ஐயப்பன் சீசன், ஒருவழிப்பாதை. கம்பம் மெட்டு வழியா மலை ஏறிச் சுத்திப் போங்க."

ஜோதி காரை ஓரங்கட்டினாள். குமுளிப் பாதையைத்தான் வளைவு வளைவாய் மனப்பாடம் பண்ணியிருந்தாள். மெட்டுப் பாதை செங்குத்து, தூரமும் அதிகம். தெய்வம் வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்றிருந்தது நிலவரம்.

"திரும்பிருவமாடி?" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஒரு தடவ திரும்புனதுக்கே இருபத்தாறு வருஷமாச்சு. பேசாம உக்காரு."

ஐந்தாவது வளைவில் வண்டி நின்றேவிட்டது. கார் பின்னால் நழுவ, ஜோதி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். பின்னால் வந்த வேனிலிருந்து கறுப்பு வேட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்து பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தார். "சாமி, கல்லு குடுத்தாச்சு. பதறாம எடுங்க." மாலை போட்டவருக்கு எதிரில் நிற்பவரெல்லாம் சாமிதான், அவளை அப்படிக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை. அவள் மூச்சை இழுத்துவிட்டு, கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி முக்கி முனகி ஏறியது. வேனில் இருந்தவர்கள் சரணம் போட்டார்கள்.

கடைசி வளைவையும் வண்டி தாண்டியது. மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தியபோதுதான் ஜோதிக்கு உறைத்தது: குமட்டவே இல்லை. மலை என்றால் அவளுக்கு இதுவரை எலுமிச்சம்பழ வாசனைதான். இன்றைக்குத்தான் ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. கடையில், ஜீப்பில் தோட்ட வேலைக்கு வந்த சமவெளிப் பெண்கள் நின்றார்கள். அவர்களில் கடைக்காரரிடம் மலையாளத்தில் சாயா கேட்ட ஒருத்தி, திரும்பி, "ஏத்தா, சீனி பத்துமா?" என்று தன் கூட்டாளியைக் கேட்டாள். இரண்டு பேச்சும் ஒரே வாயில் சண்டையில்லாமல் குடியிருந்தன. இத்தனை அருகில் இருக்கிற ஊரை இத்தனை நாள் பார்க்காமல் இருந்தோமே என்று ஜோதிக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஆமயார் தாண்டி ஏலத்தோட்டத்து வளைவுகளில் போகும்போது பின்னாலிருந்து ஈனக்குரல் வந்தது. "ஜோதி, வண்டிய நிறுத்துடி." மகாலட்சுமிதான். இறங்கி ஓரமாய்க் குனிந்தவள் நிமிர ஐந்து நிமிஷமானது. ஜோதி கைப்பையைத் திறந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். பாண்டீஸ்வரிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குமுளி மண்டபத்து வாசலை அடைந்தபோது பதினொன்று இருபது. பெண்கள் பக்கத்தில் கைருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் நாத்தனார்கள் அவரவர் சொந்தங்களோடு. அவள் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை. ஆளுக்கொரு தட்டோடு மூவரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கூட்டம் வழிவிட்டது.

கைருன்னிசாவுக்குக் கண்கள் நிறைந்து வழிந்தன.

"யாரு கைரு இவுக?" என்று கேட்டாள் மூத்த நாத்தனார்.

வாடி போடி என்று கூப்பிட்டே வளர்ந்த கைருன்னிசா, பட்டுச்சேலைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து சொன்னாள்: "என் பொறந்த வீட்டுல இருந்து வந்திருக்காக."

"மலைப்பாதை ஒத்துக்காதும்பியே, அவுகளா? எப்புடி வந்தாக?"

ஜோதியின் விரலில் தொங்கிய கார்ச்சாவியைக் கைருன்னிசா அப்போதுதான் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து, அத்தனை பேருக்கும் தெரிய உயர்த்தினாள்.

"அவுகளே ஓட்டிட்டு வந்தாக."